பிரேக் இல்லாத பக்கம்

எங்கள் காரில் இடது பக்க சீட்டுக்கு முன்னால் பிரேக் கிடையாது. எந்தக் காரிலும் கிடையாது என்பது எனக்கும் தெரியும். தெரிந்தும் அதை மிதித்துக்கொண்டேதான் வருவேன். என் வீட்டுக்காரர் ஓட்டுவார், நான் பக்கத்தில் உட்கார்ந்திருப்பேன். எதிரே லாரி வந்தால் ஒரு மிதி. மாடு குறுக்கே வந்தால் ஒரு மிதி. ஒன்றுமே வராமல் ரோடு காலியாகக் கிடந்தால், இந்த மனுஷன் இப்போது பறப்பாரே என்று ஒரு மிதி. இப்படி மிதித்து மிதித்தே என் காலடியில் விரித்திருக்கும் மேட்டில் குதிகால் அளவுக்கு ஒரு வட்டம் மழமழவென்று தேய்ந்துவிட்டது.

“அங்க இன்னாமே மிதிக்கற? அந்தப் பக்கம் பிரேக் இல்ல, காத்துதான் கீது,” என்பார்.

“உங்க பக்கம் கீதே, அத நீங்க மிதிச்சா நான் ஏன் மிதிக்கறேன்?” என்பேன்.

நகரியிலிருந்து திருப்பதிக்குப் போகும் வழியெல்லாம் இதே சண்டைதான். புத்தூருக்கு முன்னால் ஒரு தடவை, வடமாலப்பேட்டை தாண்டி ஒரு தடவை. திரும்பி வரும்போது மறுபடியும் முதலிலிருந்து. அலுத்துக்கொண்டதே இல்லை, இரண்டு பேரும்.

சண்டையைச் சொல்வதற்காக இதை எழுத உட்காரவில்லை. அவருக்கு வந்த நோய் முதலில் அவர் உடம்பில் எங்களுக்குத் தெரியவில்லை. காரில் அவர் கால் வைக்கிற மேட்டில் தெரிந்தது. அதை ஊசியும் நூலும் எடுத்து நானே தைத்து மூடினேன். திரும்பத் திரும்ப மூடினேன்.

அந்தக் காரை நாங்கள் வாங்கும்போதே அதற்கு வயசாகியிருந்தது. திருப்பதியில் ஒரு காலேஜ் வாத்தியார் வீட்டில் ஓடின வெள்ளைக் கார். எங்கள் வீட்டுக்குப் பின்னால் ஷெட்டில் நாலு தறி ஓடுகிறது. கரண்டில் ஓடும் தறிதான். நெய்த துணியைத் திருப்பதிக் கடைகளுக்குக் கொண்டுபோக அதுவரை பஸ்ஸையும், கண்டக்டரின் முகத்தையும் நம்பிக்கொண்டிருந்தோம். கார் வந்ததும் முதல் வேலையாகப் பின்சீட்டைக் கழற்றிக் கூடத்தில் போட்டார். இன்றைக்கும் எங்கள் வீட்டுக்கு வருகிறவர்கள் அதில்தான் உட்கார்கிறார்கள். காரில் பின்னால் துணிக்கட்டுகள், முன்னால் நாங்கள் இருவர், நடுவில் ஒரு பொட்டலம் வறுத்த வேர்க்கடலை.

மகள் கல்யாணமாகிச் சென்னைக்குப் போன பிறகு வீட்டில் அவருக்குச் செல்லப்பிள்ளை அந்தக் கார்தான். நான் சாப்பிட்டேனா என்று கேட்காத நாள் உண்டு. காரில் ஆயில் இருக்கிறதா என்று பார்க்காத நாள் கிடையாது. சாவியை ஆணியில் மாட்டமாட்டார். சட்டைப் பையில்தான் வைத்திருப்பார். சட்டையைக் கழற்றினால் வேட்டி மடிப்பில் செருகிக்கொள்வார். “நகையா அது, இடுப்புல சொருகிக்கினு திரியறீங்க?” என்று கேட்டால், “உன் நகைய நான் கேட்டனா? என் நகைய நீ கேக்காத,” என்று பதில் வரும்.

அவர் தொழிலைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும், ஏனென்றால் எல்லாம் அதில்தான் வந்து நிற்கிறது. தறியில் நெடுக்காக ஓடும் பாவு இழைகள் சீப்பு மாதிரி ஒரு கம்பிச் சட்டத்துக்குள் நுழைந்து வரும். அதை அச்சு என்போம். அதில் ஒரு பல் வளைந்திருந்தால் துணி நெடுகிலும் கோடு மாதிரி ஒரு தடம் விழுந்துகொண்டே வரும். அந்தப் பல் அறுக்கிற இழையை முடிந்து பிரயோஜனமில்லை. முடிந்த இடத்துக்கு அடுத்த முழத்தில் மறுபடி கோடு நிற்கும். புதிதாக வேலைக்கு வந்தவர்கள் துணியையே பார்த்துக்கொண்டு இழையை முடிந்துகொண்டு இருப்பார்கள். இவருக்கு அதைக் கண்டால் ஆகாது. ஷெட்டே அதிர்கிற சத்தத்துக்கு மேலே கத்துவார்: “துணிய இன்னா பாக்கற? தறிய நிறுத்து!” எனக்குக் கல்யாணமான புதிதில் நானும் அந்தக் கத்தலை வாங்கியவள்தான்.

மேட்டில் முதல் ஓட்டை ஓர் ஆடிக்கிருத்திகைக்குத் திருத்தணி போய்வந்த பிறகு கண்ணில் பட்டது. கீழே ரப்பரும் மேலே கம்பளமுமாக இருக்கிற மேட். அவர் பக்கத்தில், பெடலுக்குச் சற்றுக் கீழே, கம்பளம் நைந்து உள்ளே ரப்பர் தெரிந்தது. “செருப்புல ஆணி கீணி இருக்கும்,” என்றார். செருப்பைத் திருப்பிப் பார்த்தோம். ஆணி இல்லை. இருந்தால்தான் என்ன, இல்லாவிட்டால்தான் என்ன, பழைய கார், பழைய மேட் என்று காரணம் தேடுவதை விட்டுவிட்டோம்.

தறியை ஓட்டுகிற கான்வாஸ் பெல்ட் பழசாகிப்போனால் தூக்கிப் போடமாட்டோம். அதில் ஒரு துண்டு வெட்டி, கோணி ஊசியில் மெழுகு தடவிய நூல் கோத்து, மேட்டின்மேல் வைத்துச் சுற்றிலும் நெருக்கமாகத் தைத்தேன். ஊசி ரப்பரில் இறங்க மாட்டேன் என்றது. அவர் இடுக்கியால் பிடித்து மறுபக்கம் இழுத்துக் கொடுத்தார். ஒரு பகல் முழுக்க அந்த வேலைதான். முடிந்ததும் மேட்டைக் காரில் போட்டுத் தெருவை ஒரு சுற்றுச் சுற்றி வந்தார்.

“கம்பெனிக்காரன் தோத்தான் போ,” என்றார். அவர் வாயில் ஒரு நல்ல வார்த்தை கேட்க எனக்கு அவ்வளவு ஆசை. அன்று முழுக்க அதையே நினைத்துச் சிரித்துக்கொண்டிருந்தேன்.

பொங்கல் நெருங்கும்போது பெல்ட் துண்டும் பிய்ந்துவிட்டது. அதுவும் அதே இடத்தில். என் தையலைக் குறை சொல்வாரோ என்று நானே முந்திக்கொண்டு அவர் செருப்பை எடுத்துப் பார்த்தேன். வலது செருப்பின் முன்முனை தேய்ந்து, கட்டைவிரல் பக்கம் சாய்வாக வெட்டினதுபோல் இருந்தது. இடது செருப்பு அப்படியே இருந்தது. “ஆக்ஸிலேட்டர் மிதிக்கற காலாச்சே,” என்றார் அவர். நானும் சரி என்று தலையை ஆட்டினேன். புதுச் செருப்பு வாங்கினோம். பழைய தையலைப் பிரிக்காமல் அதன்மேலேயே இன்னொரு பெல்ட் துண்டைப் போட்டு ஒட்டினாற்போல் தைத்தேன்.

அந்த நாட்களில் ஷெட்டின் வாசற்படி அவரை அடிக்கடி தடுக்கியது. கொத்தனாரைக் கூப்பிட்டுப் படியை இடித்துச் சரிவாகச் சிமெண்ட் பூசினார். தெருவில் கல் தடுக்கினால் நகராட்சியைத் திட்டினார். மேட் கிழிந்தால் மேட்டைத் திட்டினோம். எதெதையோ மாற்றிக்கொண்டிருந்தோம்.

மூன்றாவது தடவை கிழிந்தபோது, “உன் தையலுக்கு இது அடங்காது மே, கடையில குடுத்துப் புதுசா போட்டுடலாம்,” என்றார். திருப்பதிக்குத் துணி கொண்டுபோன அன்று, கட்டுகளை இறக்கிவிட்டு ஒரு சீட் கவர் கடைக்குப் போனோம். கடைக்காரர் மேட்டைப் பார்த்துச் சிரித்தார். “ஏமி காது அன்னா, மந்தமைனதி வேசுகோ,” ஒன்றும் ஆகாது, கனமானதாகப் போட்டுக்கொள் என்று தெலுங்கில் தைரியம் சொல்லி, தோசைக்கல் தடிமனுக்கு ஒரு கறுப்பு மேட்டை விரித்தார். விளிம்பெல்லாம் வரப்பு மாதிரி உயர்ந்திருந்தது. பழசைக் குப்பையில் போடப்போனவரைத் தடுத்து நான் வாங்கி வைத்துக்கொண்டேன். கிழிசலோ கந்தலோ, என் கைத்தையல் அது.

திரும்பி வரும்போது பொழுது சாய்ந்துகொண்டிருந்தது. புத்தூருக்குக் கொஞ்சம் முன்னால், ரோட்டின் வலது பக்கத்திலிருந்து ஆட்டு மந்தை ஒன்று சட்டென்று ஏறி வந்தது. நான் வழக்கம்போல் என் பிரேக்கை மிதித்தேன். அவர் பிரேக் விழவில்லை. கார் அதே வேகத்தில் போய்க்கொண்டிருந்தது. திரும்பிப் பார்த்தேன். அவருடைய ஒரு கை ஸ்டியரிங்கில் இருந்தது. இன்னொரு கை கீழே போய் வலது தொடையை வேட்டியோடு சேர்த்துக் கொத்தாகப் பிடித்து மேலே தூக்கிக்கொண்டிருந்தது. பாதம் அந்த மேட்டின் விளிம்பில் மாட்டிக்கொண்டு வர மறுத்தது. கடைசியில் தொடையை விட்டுவிட்டு ஹேண்ட் பிரேக்கை இழுத்து, ஓரத்தில் கொட்டியிருந்த ஜல்லிக் குவியலில் வண்டியை ஏற்றி நிறுத்தினார். முன்விளக்கு உடைந்தது. ஓர் ஆட்டுக்குக்கூட அடியில்லை. மேய்ப்பவர் வந்து எங்களைத் தெலுங்கில் நன்றாக வாங்கு வாங்கென்று வாங்கினார்.

“புது மேட்டு தடுக்கிச்சி,” என்றார் இவர், ஆடுகள் போன பிறகு.

தொடையைத் தூக்கின அந்தக் கை என் கண்ணுக்குள்ளேயே நின்றது. சொந்தக் காலை ஒரு மனுஷன் மூட்டை தூக்குகிற மாதிரி தூக்குவாரா?

மறுநாள் காலையில் அவர் ஷெட்டில் தறி ஓட்டிக்கொண்டிருந்தார். நான் காரிலிருந்து அந்தக் கறுப்பு மேட்டைப் பிடுங்கிக் கொல்லையில் எறிந்துவிட்டு, பழைய மேட்டை எடுத்துக்கொண்டு ஷெட் வாசலில் வெளிச்சம் விழுகிற இடத்தில் உட்கார்ந்தேன். தையலைப் பிரித்தேன். மேல் துண்டு, அதன் கீழ்த் துண்டு, அதற்கும் கீழே கம்பளம். எல்லாம் பிரித்து வைத்துவிட்டு, முதல் தடவையாக, அதைத் துணி பார்க்கிற கண்ணால் பார்த்தேன்.

குதிகால் ஊன்றித் தேய்ந்தால் வட்டமாகத் தேயும். என் பக்கத்து மேட்டில் அப்படித்தான் இருந்தது. இது வட்டமில்லை. ஆக்ஸிலேட்டருக்குக் கீழேயிருந்து பிரேக்கின் பக்கம் வரை நீளமாகக் கோடு. கோட்டின்மேல் கோடு. மூன்று அடுக்கிலும் அதே இடத்தில், அதே சாய்வில். காலைத் தூக்கி வைக்காமல், விரல் முனையை இழுத்து இழுத்துக் கொண்டுபோனால்தான் அப்படி விழும். அச்சில் பல் வளைந்தால் விழுகிற கோடு மாதிரியே இருந்தது. வீடு முழுக்க நெசவு தெரிந்தவர்கள் இருந்தும், இதன்மேல் துண்டு வைத்துத் தைத்திருக்கிறோம்.

மேட்டைத் தூக்கிக்கொண்டு உள்ளே போனேன். நாலு தறியும் ஓடிக்கொண்டிருந்தன. ஒரு தறியில் அறுந்த இழையை முடிந்துகொண்டு குனிந்திருந்தார். எனக்கு எங்கேயிருந்து அந்தக் குரல் வந்தது என்று தெரியவில்லை.

“துணிய இன்னாயா பாக்கற? தறிய நிறுத்து!”

நிமிர்ந்தார். என் கையில் இருந்த மேட்டைப் பார்த்தார். பிரிந்து தொங்கிய துண்டுகளைப் பார்த்தார். ஒவ்வொரு தறியாகப் போய் அணைத்துவிட்டு வந்தார். அந்த ஷெட்டில் பகலில் அவ்வளவு அமைதியை நான் கேட்டதே கிடையாது.

“நேரா நில்லுங்க. குதிகால ஊனிக்கினு வெரல மட்டும் மேல தூக்குங்க,” என்றேன்.

இடது காலின் விரல்கள் ஏறின. வலது பாதம் தரையோடு தரையாகக் கிடந்தது. முகத்தில் நரம்பு புடைக்க முயற்சி செய்தார். பாதம் அப்படியே இருந்தது.

“எனக்குத் தெரியும்மே,” என்றார்.

“எப்பலேர்ந்து?”

“மொதோ தபா தெச்சியே. அப்பவே சந்தேகம்தான்.”

“தெரிஞ்சிக்கினேவா எங்கிட்ட மேட்ட தெக்கக் குடுத்தீங்க? ஊசிய இழுத்து இழுத்துக் குடுத்தீங்களே!”

அவர் கீழே உட்கார்ந்துவிட்டார். “மேட்டுன்னு சொன்னா வண்டி ஓட்டிக்கினு கீலாம். காலுன்னு சொன்னா சாவிய வாங்கிக்குவ,” என்றார்.

நான் கத்தினேன். என்னென்ன சொன்னேன் என்று இப்போது நினைவில்லை. நல்ல வார்த்தை ஒன்றும் சொல்லவில்லை என்பது மட்டும் தெரியும். எத்தனையோ பேரின் தறியை நிறுத்தச் சொன்ன மனுஷன் தன் தறியை மட்டும் ஓட்டிக்கொண்டே இருந்திருக்கிறார். அந்தக் கோபம் எனக்கு இன்னும் தீரவில்லை. அவர் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டார். பிறகு சட்டைப் பையிலிருந்து சாவியை எடுத்து, என் கையில் தராமல், பிரித்துப் போட்ட மேட்டின்மேல் வைத்தார். நான் கேட்கவேயில்லை.

சித்தூரில் ஓர் எலும்பு டாக்டர், இடுப்பில் நரம்பு எங்காவது அழுந்தியிருக்கலாம், சரிசெய்துவிடலாம் என்றார். அந்த ஒரு வார்த்தையைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நாள் நன்றாகச் சாப்பிட்டோம், தூங்கினோம். அப்புறம் திருப்பதியில் பெரிய ஆஸ்பத்திரி. தசைக்குள் ஊசியைச் செருகிக் கரண்ட் பார்த்தார்கள். எப்போது ஆரம்பித்தது என்று டாக்டர் கேட்டார். இவர் என்னைப் பார்த்தார். ஆடிக்கிருத்திகைக்கு முதல் தையல், பொங்கலுக்கு முன்னால் இரண்டாவது தையல் என்று எனக்கு அந்தக் கணக்குத்தான் தெரியும். அதையே சொன்னேன். டாக்டர் பேனாவைக் கீழே வைத்துவிட்டு முழுக்கக் கேட்டார்.

தசையை அசைக்கிற நரம்புகள் ஒவ்வொன்றாகச் செத்துக்கொண்டு வருகிற நோய் என்றார். ஒரு காலில் ஆரம்பித்திருக்கிறது, அங்கேயே நிற்காது, கை, தொண்டை, மூச்சு என்று போகும். மெதுவாக்க மருந்து உண்டு, திருப்பிக் கொண்டுவர மருந்து இல்லை. தெலுங்கில் ஒரு தடவை, எங்களுக்காகத் தமிழில் ஒரு தடவை, இரண்டிலும் பொறுமையாகச் சொன்னார். இரண்டிலும் ஒன்றுதான்.

இவர் கேட்டது ஒரே கேள்வி. “வண்டி ஓட்டலாமா சார்?”

டாக்டர் அவருக்குப் பதில் சொல்லாமல் என்னைப் பார்த்தார். இவரும் என்னைப் பார்த்தார். நான் தலையைக் குனிந்துகொண்டேன். அன்றைக்கு நாங்கள் பஸ்ஸில் போயிருந்தோம். வீடு திரும்பும்போது டிரைவருக்குப் பக்கவாட்டில் இடம் கிடைத்தது. நகரி வரைக்கும் இவர் ஜன்னல் பக்கம் திரும்பவில்லை. டிரைவரின் வலது காலையே பார்த்துக்கொண்டு வந்தார்.

மகள் போனில் அழுதாள். “நைனாவ வண்டியில கை வெக்க உடாதம்மா. வித்துடுங்க அத,” என்றாள். விற்கலாம் என்று நான் வாயெடுத்தபோது இவர் முகம் போன போக்கைப் பார்த்து அப்படியே விழுங்கிக்கொண்டேன்.

“விக்க வாணாம். நீ ஓட்டு,” என்றார்.

“இந்த வயசுலயா? ஊரே சிரிக்கும்.”

“சிரிக்கட்டும். நீதான் வருசக்கணக்கா பிரேக் மிதிச்சிக்கினு கீறியே. பாதி வண்டி உனக்குத் தெரியும்.”

எல்.எல்.ஆர். எடுத்தேன். புத்தூரிலிருந்து கார்வேட்டிநகரம் போகிற ரோட்டில், இரண்டு பக்கமும் மாந்தோப்பாக இருக்கிற இடத்தில் கற்றுக்கொண்டேன். அங்கே வரைக்கும் தெரிந்தவர் ஒருவர் வண்டியைக் கொண்டுவந்து கொடுப்பார். எனக்குப் பெடல் எட்டாது. முதுகுக்குப் பின்னால் துணிக்கட்டு ஒன்றை வைத்துக்கொண்டேன். மேட்டை மறுபடி தைத்தேன். இந்த முறை துண்டின் விளிம்பை உள்ளே மடித்து, எங்கும் தடுக்காதபடி தட்டையாக இறக்கி, நழுவாமல் சீட்டின் கம்பியோடு சேர்த்துக் கட்டினேன். ஊசியை இழுத்துக் கொடுக்க அவருடைய கையில் பலமில்லை. ஆனாலும் இடுக்கியைப் பிடித்துக்கொண்டு பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார்.

இடது சீட்டில் உட்கார்ந்து அவர் எனக்குச் சொல்லிக்கொடுத்த மாதங்களை நான் சந்தோஷமான மாதங்கள் என்றுதான் சொல்வேன். கிளட்சை விட்டால் வண்டி தவளையாகக் குதிக்கும். அவர் சிரித்துச் சிரித்து இருமுவார். “கியரு அது, தயிர் கடையற மத்து இல்ல,” என்பார். கைகளை மடியில் வைத்துக்கொண்டு வாயால் வண்டி ஓட்டினார். லைசென்ஸ் வந்த அன்றைக்கு, நகரியிலிருந்து திருப்பதிக்குப் பின்னால் துணிக்கட்டும் பக்கத்தில் அவருமாக நானே ஓட்டிக்கொண்டு போனேன். வழியில் வேர்க்கடலை வாங்கச் சொன்னார். உரித்து அவர் வாயில் போட்டேன்.

அப்புறம் ஆஸ்பத்திரிக்குப் போகவேண்டிய நாட்களே அதிகமாயின. காரில் அவரை ஏற்ற எனக்கு ஒரு முறை வந்துவிட்டது. முதலில் இடுப்பைத் திருப்பி உட்காரவைப்பேன். பிறகு ஒவ்வொரு காலாகத் தூக்கி உள்ளே வைத்து, பாதங்களை மேட்டின்மேல் நேராக்குவேன். என் குதிகால் தேய்த்த அந்த வட்டத்துக்கு மேலேயே அவருடைய வலது பாதம் வந்து உட்காரும்.

ஒருநாள் திருச்சானூர் பக்கம் போய்க்கொண்டிருந்தோம். ஓர் ஆட்டோ சந்திலிருந்து தலையை நீட்டாமல் உடம்போடு வந்து விழுந்தது. “பிரேக்கு! பிரேக்கு!” என்று கத்தினார் இவர். நான் ஏற்கெனவே மிதித்துவிட்டேன். ஆட்டோவுக்கு ஒரு முழம் முன்னால் வண்டி நின்றது. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. எத்தனை வருஷத்துப் பாக்கி! அவரைக் கேலி செய்ய வசனம் தயாராக வாயில் நின்றது. ‘அங்க இன்னா மிதிக்கறீங்க? அந்தப் பக்கம் பிரேக் இல்ல, காத்துதான் கீது.’

சொல்வதற்காகத் திரும்பி, முதலில் அவர் காலைப் பார்த்தேன்.

இரண்டு பாதங்களும் காலையில் நான் வைத்த இடத்தில், வைத்தபடியே இருந்தன. அவர் கழுத்து முன்னால் நீண்டிருந்தது. வாய் திறந்திருந்தது. கண்ணில் பயம் இருந்தது. பயம் காலுக்குப் போய்ச் சேரவில்லை.

நான் பார்த்ததை அவரும் பார்த்துவிட்டார்.

“சொல்லுமே,” என்றார். அந்த நாட்களில் வார்த்தைகள் குழறித்தான் வரும். “காத்துதான் கீதுன்னு சொல்லு.”

சொல்லியிருக்கலாம். அவர் கேட்டாரே, சொல்லியிருக்கலாம். பின்னால் ஹாரன் அடிக்க ஆரம்பித்துவிட்டார்கள். நான் வண்டியை எடுத்தேன். ரேணிகுண்டா ரோடு திரும்புகிற வரைக்கும் எதிரே வருவது எதுவும் எனக்குச் சரியாகத் தெரியவில்லை.

அடுத்த மழைக்காலத்தில் அவர் போய்விட்டார். டாக்டர் சொன்ன வரிசையிலேயே, தொண்டை, அப்புறம் மூச்சு. அதைப் பற்றி எழுத எனக்கு இஷ்டமில்லை.

கார் இருக்கிறது. துணிக்கட்டுகளை நான்தான் கொண்டுபோகிறேன். கடைக்காரர்கள் பழகிவிட்டார்கள். சாவியை ஆணியில் மாட்டலாம், யாரும் எடுக்கப்போவதில்லை. ஆனாலும் இடுப்பில்தான் செருகிக்கொள்கிறேன்.

போன வாரம் காரைக் கழுவினேன். மேட்களை எடுத்துத் துவைத்து, ஷெட்டின் சுவரில் வெயிலுக்குப் போட்டேன். மகள் வந்திருந்தாள். “இத இன்னும் வெச்சிக்கினு கீறியாம்மா? புதுசு ஒரு செட்டு வாங்கிக் குடுக்கறேன்,” என்றாள். வேண்டாம் என்றேன். அவள் உள்ளே போன பிறகு, ஈரம் காய்ந்ததா என்று பார்க்கிற சாக்கில் பக்கத்தில் போய் நின்றேன்.

வலது மேட்டில் என் தையல் கெட்டியாக இருக்கிறது. அவர் இழுத்த கோடு அதற்குக் கீழே எங்கேயோ இருக்கும். பிரித்தால் தெரியும், பிரிக்கப் பயம். தையலுக்கு முன்னால், என் குதிகால் ஊன்றுகிற இடத்தில், புதிதாக ஒரு வட்டம் விழ ஆரம்பித்திருக்கிறது.

இடது மேட்டைத்தான் ரொம்ப நேரம் பார்த்தேன். எத்தனை மாதம் என் பக்கத்தில் உட்கார்ந்து வந்திருக்கிறார். ஆஸ்பத்திரிக்குப் போய், வந்து, போய், வந்து. ஏதாவது ஒரு தடம் இருக்கும் என்று வெளிச்சத்துக்குத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். உள்ளங்கையால் தடவிப் பார்த்தேன். கம்பளத்தில் ஓர் இழைகூடப் புதிதாகக் கலையவில்லை. கடைசிவரை அவர் உட்கார்ந்து வந்த பக்கத்தில் தேய்ந்திருக்கிற ஒரே இடம், அவர் நன்றாக ஓட்டிக்கொண்டிருந்த காலத்தில் நான் பயந்து பயந்து மிதித்தது.